நாற்பது ஆண்டுக் கடனுக்கு ஒரு வாக்கு

2024 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்களின் கைக்கு வந்த வாக்குச்சீட்டில் அதிபர் வேட்பாளர்களின் பெயர்களோடு, முன்மொழிவு 4 என்ற ஒன்றும் இருந்தது. குடிநீர், காட்டுத்தீத் தடுப்பு, கடலோரப் பாதுகாப்பு போன்ற பணிகளுக்காக மாநிலம் 1,000 கோடி டாலர் கடன் வாங்கலாமா என்பது கேள்வி. அதன் அடியில் செலவு பற்றிய ஒரே ஒரு வரி: கடனை அடைக்க ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர், 40 ஆண்டுகளுக்கு. பெருக்கிப் பார்த்தால் 1,600 கோடி. சுமார் 60 சதவீதம் பேர் சம்மதம் சொன்னார்கள். பலரும் ஓட்டமாய்க் கடந்துபோகும் அந்த வரியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

கடன் வாங்கும் முடிவை மக்களிடம் ஏன் கேட்க வேண்டும்? அதற்குக் காரணம் ஒரு பழைய சூடு. நியூயார்க் மாநிலம் கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணத்தில் வெட்டிய ஈரி கால்வாய் 1825இல் திறக்கப்பட்டது. சுங்க வருமானம் கொட்டியது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் வங்கிக்கும் என்று கண்மூடிக் கடன் வாங்கின. 1837இல் பொருளாதாரம் நொறுங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் எட்டு மாநிலங்களும், அப்போது மாநிலமாகாத புளோரிடாவும் தவணை கட்ட முடியாமல் கைவிரித்தன. அதன்பின் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் அரசியலமைப்பில் பூட்டுப் போட்டன: பெரிய கடனா, மக்களிடம் கேள். நியூயார்க் 1846இல் இதைச் செய்தது. 1849இல் தன் முதல் அரசியலமைப்பை எழுதிய கலிஃபோர்னியா, சட்டமன்றம் தன்னிச்சையாக வாங்கக்கூடிய கடனுக்கு 3 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. அந்தத் தொகை இன்றும் மாறவில்லை. அதற்கு மேல் போக வேண்டுமானால் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்ப வேண்டும். குடிமக்களே கையெழுத்துத் திரட்டி நேராக வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் வழியும் உண்டு.

மக்கள் சம்மதித்த மறுநாளே பணம் வந்துவிடுவதில்லை. வாக்கு தருவது அனுமதி மட்டுமே. திட்டங்களுக்குப் பணம் தேவைப்படும்போது, மாநிலக் கருவூலத் தலைவர் பத்திரங்களைப் பகுதி பகுதியாகச் சந்தையில் விற்கிறார். ஓய்வூதிய நிதிகளும் முதலீட்டு நிறுவனங்களும் வாங்குகின்றன. பல விற்பனைகளில் தனிநபர்கள் வாங்குவதற்கென்று முன்னுரிமை நேரமும் ஒதுக்குகிறார்கள். ஆகவே சம்மத வாக்குப் போட்டவரே பத்திரமும் வாங்கி, வரிகட்டும் தன் அண்டை வீட்டாரிடமிருந்து வட்டி பெறலாம். அந்த வட்டிக்குப் பெரும்பாலும் மத்திய அரசின் வருமான வரி கிடையாது என்பதால் குறைந்த வட்டிக்கே முதலீட்டாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கடனுக்கு நிலமோ கட்டடமோ ஈடு இல்லை. மாநிலத்தின் வாக்குறுதிதான் ஈடு. பொது நிதியில் பள்ளிக் கல்விக்கு அடுத்தபடியாகப் பத்திரத் தவணைக்கே முன்னுரிமை. வரி வருமானம் வறண்ட ஆண்டிலும் தவணையைக் கட்டியாக வேண்டும். வெட்டு வேறு செலவுகளில்தான் விழும். பத்திரத்தை ஆதரிப்பவர்கள் “புது வரி இல்லை” என்று பிரசாரம் செய்வார்கள். புது வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் அந்த 40 கோடி பட்ஜெட்டிலிருந்து முதலில் எடுத்து வைக்கப்படும். வேறு ஏதோ ஒன்றுக்கு அது கிடைக்காது.

அப்படியானால் கடனே தவறா? இல்லை. நூறு ஆண்டு நிற்கும் ஓர் அணைக்கு இன்றைய வரிசெலுத்துவோர் மட்டும் ஏன் முழுப் பணமும் கொடுக்க வேண்டும்? நாளை அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் பங்கு கொடுக்கட்டும் என்பது நியாயமான கணக்கு. 1960இல் 175 கோடி டாலர் பத்திரத்துக்கு நடந்த வாக்கெடுப்பு இதற்கு நல்ல உதாரணம். வடக்கே பெய்யும் மழையைத் தேக்கி, வறண்ட தெற்குக்குக் கால்வாய் வழியாகக் கொண்டுபோகும் திட்டம் அது. தங்கள் தண்ணீர் பறிபோகிறதே என்று வடக்கு மாவட்டங்கள் எதிர்த்தன. ஓரோவில் அணை அமையவிருந்த பியூட் மாவட்டம் மட்டும் ஆதரித்தது. ஏறத்தாழ 58 லட்சம் வாக்குகளில் 1.74 லட்சம் வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. அந்தக் கடனின் பெரும்பகுதியைத் தண்ணீர் பெறும் நிறுவனங்களே தங்கள் கட்டணத்திலிருந்து அடைத்துவந்தன. 235 மீட்டர் உயர ஓரோவில் அணை இன்றும் நிற்கிறது.

என் மனம் இடறுவது வேறு இடத்தில். முன்மொழிவு 4இல் காட்டுத்தீத் தடுப்புக்கு 150 கோடி டாலர். அந்தத் தலைப்பில் காட்டுப் புதர்களை வெட்டி அகற்றும் பணிக்கும் இடம் உண்டு. புதர் சில ஆண்டுகளிலேயே மறுபடி முளைத்துவிடும். அதை வெட்டிய கூலிக்கான தவணை நாற்பது ஆண்டு ஓடும். வேலை அவசியம், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஆண்டு பட்ஜெட்டில் கட்ட வேண்டிய செலவு. பொருளின் ஆயுளும் கடனின் ஆயுளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதே வாக்காளர் பார்க்க வேண்டிய முதல் கேள்வி. தொகை அடுத்ததுதான்.

பொருந்தினால் எப்படியிருக்கும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் இருக்கிறது. அது மாநிலக் கடன் அல்ல, ஆறு மாவட்டங்கள் சேர்ந்த ஓர் அமைப்பின் கடன். ஆனால் ஆயுள் பொருந்த வேண்டும் என்ற விதி ஒன்றுதான். 1930 நவம்பரில், பெருமந்தம் தொடங்கிய வேளையில், அந்த மாவட்ட மக்கள் தங்கள் வீடுகளையும் பண்ணைகளையும் தொழில் சொத்துகளையும் ஈடாக வைக்கச் சம்மதித்து 3.5 கோடி டாலர் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். பாலம் 1937இல் திறந்தது. அசல் 3.5 கோடி, வட்டி ஏறத்தாழ 3.9 கோடி, அத்தனையும் வண்டிகளின் சுங்கக் கட்டணத்தாலேயே அடைபட்டு, கடைசிப் பத்திரம் 1971இல் தீர்ந்தது.