சார்ஜரைக் கழற்றினால் ஈ.பி. பில் குறையுமா? நேயர்கள் திருப்பிக் கேட்டவை

மின்சிக்கனம் பற்றி வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பேசிவிட்டு நேயர்களின் அழைப்புகளைக் கேட்டால் ஒரு வினோதம் தெரியும். எந்தக் குறிப்பு மிகக் குறைவாகச் சேமித்துத் தருமோ, அதற்குத்தான் பாராட்டு குவியும். "செல்போன் சார்ஜரை வெறுமனே பிளக்கில் விடாதீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள், "அருமையான தகவல் ஐயா, இன்றே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்" என்பார்கள். "ஏ.சி.யை 18 டிகிரியில் வைக்காமல் 25க்கு ஏற்றுங்கள்" என்று சொன்னால் குரலே மாறிவிடும். "அப்புறம் எதற்கு ஏ.சி.?"

நான் மின் பொறியாளன். எரிசக்தித் தணிக்கை என் தொழில். பட்டறை, திருமண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று போய், எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து சொல்வேன். அந்த வகையில்தான் நேயர் நிகழ்ச்சிகளுக்கும் அழைப்பார்கள்.

சார்ஜர் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். போன் இல்லாமல் பிளக்கில் கிடக்கும் நல்ல சார்ஜர் இழுப்பது 0.2 வாட் அளவு. இரண்டு மாதம் இரவு பகலாகக் கிடந்தாலும் அரை யூனிட்கூட வராது. அதே சுவரில், டிவிக்குக் கீழே, சின்னச் சிவப்பு விளக்கோடு ஒரு செட்டாப் பாக்ஸ் இருக்கிறதே, அதைப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகள் 10 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். சுவர் சுவிட்சை அணைத்தால்தான் நிற்கும். சிக்கனக் குறிப்பு கேட்கும் பெட்டியே வீட்டில் சத்தமில்லாமல் யூனிட்டைத் தின்கிறது என்பதை எந்தத் தொலைக்காட்சியும் பெரிதாகச் சொல்வதில்லை.

பாராட்டுகிறவர்களைவிடக் கோபிக்கிறவர்களிடம்தான் எனக்கு மரியாதை அதிகம். அவர்கள் சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கிறது. ஒரு பெண்மணி கேட்ட கேள்வியை நிகழ்ச்சி நடத்துபவர் சிரித்து ஒதுக்கப் பார்த்தார், என்னால் முடியவில்லை. "மிக்ஸியை இப்படிப் போடு, கிரைண்டரை அப்படிப் போடு, துணியை மொத்தமாகத் துவை, இஸ்திரியை ஒரே நாளில் போடு என்கிறீர்கள். எல்லாக் குறிப்பும் அடுப்படியிலேயே வந்து முடிகிறதே, ஹாலில் ஆளே இல்லாமல் ஓடும் மின்விசிறிக்கு யார் குறிப்புச் சொல்வது?" கணக்கும் அவர் பக்கம்தான். 750 வாட் மிக்ஸி தினமும் ஐந்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு நான்கு யூனிட்டைத் தொடாது. ஒன்றரை டன் ஏ.சி. ஓரிரவுக்கே ஆறிலிருந்து எட்டு யூனிட் எடுத்துவிடும். எட்டு யூனிட்டை விட்டுவிட்டு நான்கு யூனிட்டுக்காரரிடம் உபதேசம் செய்வது ஏனென்றால், அவர்தான் நிகழ்ச்சியைப் பார்ப்பார் என்று நாம் முடிவு கட்டியிருக்கிறோம்.

ஏ.சி.யைப் பற்றி இதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியோடு வரும் அறை ஏ.சி.க்கள் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ரிமோட் நம் கையில் இருக்கும்வரை அதை மீறுவது எளிது, அது வேறு விஷயம். 25இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் குளிர்ச்சி குறைந்ததாகவே தெரியாது. இதைச் சொன்னால் யாரும் பாராட்டுவதில்லை. ஆனால் பில்லில் தெரியும்.

இனி, நேயர்கள் அடிக்கடி வீசும் இன்னொரு கேள்வி: "இதையெல்லாம் செய்தால் எனக்கு எத்தனை ரூபாய் மிஞ்சும்?" மூன்று நிமிடத்தில் பொதுவாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. காரணம், தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டாகப் போகிறது. ஒரே யூனிட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விலை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் காட்டுகிறேன். இன்றைய விகிதத்தை உங்கள் பில்லோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 பைசா, அதற்கடுத்த 200க்கு நாலரை ரூபாய், கடைசி 100க்கு 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் இரண்டாவது நூறுக்கான சலுகை போய்விடும். அதுவும் நாலரை ரூபாய்க் கணக்குக்கு வந்துவிடும், 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். பில் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

"பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம், எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று அழைப்பவர்களில் பலர் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு வேண்டியது பத்துக் குறிப்புகள் அல்ல. கணக்கெடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாக மீட்டரைப் பார்த்து, போன தடவையின் அளவைக் கழித்து, 500க்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துகொள்வதுதான். 440இல் நிற்கும் வீடு அந்தப் பத்து நாளைப் பார்த்து நடத்தலாம். 900இல் நிற்கும் வீட்டுக்கு அந்தக் கோட்டைப் பற்றிய கவலையே வேண்டாம். அங்கே பேச வேண்டியது ஏ.சி.யைப் பற்றி மட்டும்.

மின்விசிறிக் குறிப்பும் இப்படித்தான். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிஞ்சும். "3,000 ரூபாய் செலவு செய்து சேமிக்கச் சொல்கிறீர்களா?" என்று உடனே ஒரு கேலி வரும். வரட்டும், நியாயமான கேலி. நாலரை ரூபாய்ப் படியில் இருப்பவருக்குப் போட்ட பணம் திரும்பக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகும். 8 ரூபாய்ப் படியில் இருப்பவருக்கு ஒன்றரை வருடம் போதும். 100 யூனிட்டுக்குள் ஓட்டும் பாட்டிக்கு? ஒரு பைசாகூட மிஞ்சாது. மூவரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் கேட்டார்கள். பாட்டி "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று சொல்வதை அலட்சியம் என்று நினைப்பது தவறு. நிபுணர் கேட்காமல் விட்ட பில்லைப் பாட்டி தன் வாயால் படித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

வாடகை வீட்டுக்காரர்களின் கதை தனி. வீட்டுச் சொந்தக்காரர் தனியாக ஒரு சிறு மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஒரே விலையில் வாங்கிக்கொள்ளும் வீடுகள் சென்னையில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கின்றன. இலவச 100 யூனிட் அவர்கள் கைக்கு வருவதில்லை. கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயம். படிக்கணக்கைச் சொன்னால் இவர்களுக்கு எரிச்சல் வருவது இயல்பு. இவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். உங்களுக்கு ஒவ்வொரு யூனிட்டும் முழு விலை. அதனால் பி.எல்.டி.சி. ஃபேன் மற்றவர்கள் பலரைவிட உங்களுக்குச் சீக்கிரம் பணத்தைத் திருப்பும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

கோபிக்கிறவர்களை விடுங்கள், சொன்னதை ஒரு படி மேலே போய்ச் செய்கிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இரவு முழுக்க ஃபிரிட்ஜை அணைத்துவிடுவதாகப் பெருமையோடு சொல்கிறவர்கள் உண்டு. நடுத்தர அளவுள்ள மூன்று நட்சத்திர ஃபிரிட்ஜ் இரண்டு மாதத்துக்கே 40 யூனிட் அளவில்தான் எடுக்கும். இரவில் மிச்சமாகிற சொற்பத்தில் பாதியைக் காலையில் மறுபடி குளிரூட்டுவதிலேயே விட்டுவிடும். நடுவில் இட்லி மாவு புளித்துப் பொங்கும், பால் திரியும். ஒரு பாத்திரம் மாவின் விலை என்ன என்று அவர்களே கணக்குப் போடட்டும். இதைவிட மோசம், சித்திரை வெயிலில் தனியாக இருக்கும் முதியவர்கள் பில்லுக்குப் பயந்து மின்விசிறியை அணைத்துவிட்டுப் படுப்பது. அந்த விசிறி இரவு முழுக்க ஓடினாலும் முக்கால் யூனிட்டைத் தொடாது. இதை நான் நிகழ்ச்சியில் கேட்காமலே சொல்வேன், நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டினாலும் சொல்வேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் விளம்பரம் வரும். பிளக்கில் சொருகினால் பில் 40 சதவீதம் குறையும் என்று ஒரு சின்னப் பெட்டி. "சார், அது உண்மையா?" என்று கேட்காத ஊரே இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும் இருக்கும். ஆலைகளில் பவர் ஃபாக்டர், அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு, குறைந்தால் தனியாகக் கட்டணம் உண்டு. அங்கே கெப்பாசிட்டருக்கு வேலை இருக்கிறது. வீட்டு மீட்டர் காசு கேட்பது செலவான யூனிட்டுக்கு மட்டும்தான். விற்பவர் உங்கள் முன்னாலேயே மோட்டாரை ஓடவிட்டு, பெட்டியைச் சொருகி, தன் கையிலுள்ள அளவுக் கருவியில் ஆம்பியர் இறங்குவதைக் காட்டுவார். இறங்குவது உண்மைதான். ஆனால் வாட் இறங்காது. அந்தக் கருவியில் வாட்டைக் காட்டச் சொல்லுங்கள், பெட்டியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. வாங்கி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதுதான் அந்த வியாபாரத்தின் முதல்.

யாருடைய குறிப்பையும், என்னுடையதையும், நம்புவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்ற எண் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். பல மீட்டர்களில் 3200. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியைப் போடுங்கள். நிமிடத்துக்கு நான்கு மினுக்கல் வந்தால் அது 75 வாட். எல்லாம் அணைந்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒன்று இழுக்கிறது. பழைய பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டராக இருக்கலாம், ஒயரிங்கில் கசிவாகவும் இருக்கலாம். கசிவு என்றால் பில்லை மறந்துவிட்டு உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இப்போதெல்லாம் அதிகம் கேட்கப்படுவது சூரிய மின்தகடு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2க்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம். அண்மையில் ஒருவர் ஆர்வமாகக் கேட்டார். "போடலாமா சார்?" எத்தனை யூனிட் வருகிறது என்றேன். 180 என்றார். மேலே சொன்ன கட்டணப்படி அவர் கட்டுவது இரண்டு மாதத்துக்கு 180 ரூபாய். மானியம் போகக் கையிலிருந்து போடும் பணத்தை அவர் இந்த ஜென்மத்தில் திரும்பப் பார்க்க மாட்டார். வேண்டாம் என்றேன். "எல்லோரும் போடச் சொல்கிறார்கள், நீங்கள் மட்டும் வேண்டாம் என்கிறீர்களே" என்று மனத்தாங்கலோடு போனை வைத்துவிட்டார்.