கீரை மஞ்சளடித்தால் யூரியாவா?

மண், இலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கீரை போடுகிறவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதுதான்: "இலை மஞ்சளடிக்குது, இன்னும் எவ்வளவு யூரியா போடணும்?" கோவைக்கு மேற்கேயிருந்து ஒருவர் அப்படித்தான் வந்தார். சிறுகீரைப் பாத்தியில் ஏற்கெனவே இரண்டு முறை யூரியா தூவியிருந்தார்.

"மஞ்சள் அடி இலையிலயா, குருத்துலயா?" என்று கேட்டேன்.

பாதி விடை அதிலேயே இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி அடி இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும், அதனால் முதலில் வெளுப்பது அடி இலை. இரும்பு அப்படி எளிதில் நகராது. அது குறைந்தால் குருத்து வெளுக்கும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். அவர் கொண்டுவந்த கீரை இந்த இரண்டாவது வகை. மண்ணைப் பார்த்தோம். சுண்ணாம்பு கலந்த கரிசல், கார அமில நிலை (pH) 8.4, அதாவது காரமான மண். இந்த மாதிரி மண்ணில் இரும்பு நிறையவே இருக்கும். ஆனால் கரையாத வடிவில் கிடப்பதால் வேருக்கு எட்டாது. துத்தநாகத்துக்கும் இதே கதிதான். யூரியா மூட்டையில் இருப்பது 46 சதவீதத் தழைச்சத்து மட்டும். அது இந்தப் பூட்டைத் திறக்காது.

லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து, செடி சிறிதாக இருக்கும்போதே மாலையில் தெளிக்கச் சொன்னேன். அறுவடை நெருங்கியபின் வேண்டாம், இலையில் துருப்புள்ளி விழும். நிலையான தீர்வு தொழுவுரம்தான். அது மட்கும்போது வரும் அமிலங்கள் இரும்பைப் பிடித்து வேருக்குக் கொண்டுவந்து தரும்.

யூரியா கூடினால் வேறு சிக்கலும் உண்டு. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். செடி எடுத்த அந்த நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற வெயில் வேண்டும். மேகமூட்டமான நாட்களில் அந்த வேலை தேங்கி, நைட்ரேட் தண்டிலும் காம்பிலும் சேர்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் ஸ்பினாச் கீரைக்கு கிலோவுக்கு 3500 மில்லிகிராம் நைட்ரேட் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறது. அதனால் யூரியா தூவிய நாலாம் நாளே பிடுங்காதீர்கள். நல்ல வெயில் அடித்த நாளின் மாலையில் பறிப்பது மேல்.

அப்புறம், சத்து நீர்த்துப்போவது. திடீரென்று ஊதி வளர்ந்த கீரையில் எடை ஏறும், வேர் எடுக்கும் தாது அந்த வேகத்துக்கு ஏறாது. கட்டு பெரிதாகத் தெரியும், கிராமுக்கு இரும்பும் துத்தநாகமும் குறைந்திருக்கும். ரத்தசோகை உள்ள மகளுக்கென்று ஒருவர் தினமும் கீரை வாங்கும்போது, கட்டின் பச்சையை நம்பித்தான் வாங்குகிறார். அந்தப் பச்சையத்தின் நடுவில் இருப்பதோ மக்னீசியம். இரும்பு அதை உருவாக்க மட்டுமே உதவுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஆய்வுக்குக் கீரை அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. கழுவாத கீரையில் இரும்பு பெரும்பாலும் அதிகமாகத்தான் காட்டும். அது இலையில் ஒட்டிய மண்ணின் இரும்பு. இப்படி வந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "என் கீரையில சத்து நல்லா இருக்கு" என்று நிம்மதியாகப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த விவசாயி அடுத்த விதைப்பில் ஒரு பாத்திக்கு மட்டும் யூரியாவைப் பாதியாக்கி, தொழுவுரம் கூட்டிப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பாத்தியிலிருந்தும் ஒவ்வொரு கட்டு கொண்டுவருவாராம். சரி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன்.