கூரையில் இன்னும் நான்கு ஆக்சஸ் பாயின்ட் மாட்டினால் குரல் தெளிந்துவிடாது

பழைய மகாபலிபுரம் சாலையில் புதிதாகக் குடியேறிய ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து அண்மையில் வந்த அழைப்பைக் கேட்ட பிறகுதான் இதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்றுகூடப் புதியதில்லை. மீட்டிங் நடுவே குரல் அறுபடுகிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இருக்கையிலிருந்து அறைக்கு நடந்தால் அழைப்பு போய்விடுகிறது. ஊழியர்களின் சொந்த போன்கள் காலையில் இணைகின்றன, மதியத்துக்கு மேல் இணைய மறுக்கின்றன. லீஸ்டு லைனின், அதாவது நிறுவனத்துக்கென்றே எடுத்த இன்டர்நெட் இணைப்பின், வேகத்தை ஏற்கெனவே இரட்டிப்பாக்கியும் பயனில்லை. அடுத்து, தளத்துக்கு நான்கு ஆக்சஸ் பாயின்ட் (கூரையில் தொங்கும் வைஃபை பெட்டி) கூடுதலாக வாங்கப்போகிறார்களாம், எங்கெங்கே மாட்டுவது என்று வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் போதுமாம். இருப்பவற்றில் சிலவற்றை முதலில் அணைத்துப் பாருங்கள் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

இந்தத் தொழிலில் என்னை மிகவும் சலிப்படையச் செய்யும் நம்பிக்கை இதுதான்: வைஃபை சரியில்லையென்றால் பெட்டி போதவில்லை, அல்லது இன்டர்நெட் போதவில்லை. இரண்டுமே பெரும்பாலும் பொய். வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவிதான் பேச முடியும். பட்டிமன்ற மேடையில் ஒரே ஒரு மைக் இருக்கும்போது, இரு அணியிலும் பேச்சாளர்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறையுமே தவிர, விவாதம் வேகமாக முடிந்துவிடாது. அதே சேனலில் இயங்கும் இன்னொரு ஆக்சஸ் பாயின்டை முந்தையதன் காதுக்கு எட்டும் தொலைவில் மாட்டுவது, அந்த ஒரே மைக்குக்கு இன்னொரு பேச்சாளரை அனுப்புவதுதான். வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. ஒரு தளத்தில் இருபது பெட்டி தொங்கினால், அந்த மூன்றை இருபது பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மேல் தளமும் கீழ்த் தளமும் அண்டை நிறுவனமும் கணக்கில் வராமலே.

இன்னோர் அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018-இல் இந்திய அரசு 605 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆனால் கிடைத்த தாராளத்தை நம்மவர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று பாருங்கள். நிறுவும் நாளன்று ஸ்பீடு டெஸ்டில் பெரிய எண் காட்ட வேண்டும் என்பதற்காகச் சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் மொத்தமும் ஆறு சேனல்களில் முடிந்துவிடும். 20 மெகாஹெர்ட்ஸாக வைத்தால் இருபதுக்கும் மேல் கிடைக்கும். நெரிசலான அலுவலகத்தில் ஒருவருக்கு 600 மெகாபிட் தேவையே இல்லை. நானூறு பேருக்குத் தடையில்லாமல் சிறுசிறு முறை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குரலுக்கு எவ்வளவு பேண்ட்வித் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாலே லீஸ்டு லைன் வாதம் விழுந்துவிடும். குரலை எண்களாக மாற்றும் ஜி.711 கோடெக் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) வீதம், நொடிக்கு 50 பாக்கெட் அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் 40 பைட் தலைப்பும் இருக்கின்றன. ஆக, ஒரு திசைக்கு 80 கிலோபிட். நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 8 மெகாபிட்தான். குரல் கேட்பது வேகத்தை அன்று, நேரந்தவறாமையை. பேசுபவர் வாயிலிருந்து கேட்பவர் காதுக்கு 150 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேர்வது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு.வின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. காற்றில் முறை கிடைக்காமல் காத்துக் கிடக்கும் பாக்கெட்டை எந்த லீஸ்டு லைனும் காப்பாற்றாது, ஏனென்றால் அது இன்னும் கட்டடத்தை விட்டே வெளியேறவில்லை.

அந்தக் காத்திருப்பை நாமே உண்டாக்குகிறோம் என்பதுதான் வேதனை. 1500 பைட் கொண்ட ஒரு பாக்கெட் 1 மெகாபிட் வேகத்தில் போனால் 12 மில்லிசெகண்ட் காற்றைப் பிடித்துக்கொள்ளும். 54 மெகாபிட்டில் போனால் கால் மில்லிசெகண்டுகூட ஆகாது. ஆனாலும் 1, 2, 5.5 என்ற பழைய வேகங்களை யாரும் அணைப்பதில்லை, ஏதோ ஒரு மூலையில் பழைய பார்கோடு ஸ்கேனர் இருக்கிறதாம். போதாததற்கு எஸ்எஸ்ஐடி (போனில் தெரியும் வைஃபை பெயர்) மோகம் வேறு. ஊழியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று, ஐபி போனுக்கு ஒன்று, இயக்குநர் குழுவுக்கென்று தனியாக ஒன்று. ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று, அதுவும் மிகக் குறைந்த வேகத்தில், அறிவித்துக்கொண்டே இருக்கும். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் இயக்குநர் குழுவின் எஸ்எஸ்ஐடியை நீக்கும் துணிவு எந்தத் தகவல் தொழில்நுட்ப மேலாளருக்கும் வருவதில்லை.

அடுத்தது ‘ஃபுல் சிக்னல் காட்டுகிறதே சார்’ என்ற வாக்கியம். போனில் தெரியும் கோடுகள், ஆக்சஸ் பாயின்ட் பேசுவது போனுக்குக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்லும். போன் பேசுவது ஆக்சஸ் பாயின்டுக்குக் கேட்கிறதா என்பதைச் சொல்லாது. பெட்டியின் சிக்னல் அனுப்பும் திறனை உச்சத்தில் வைத்துவிட்டால், சிறு பேட்டரியில் ஓடும் போன் அந்த அளவுக்குத் திரும்பக் கத்த முடியாது. மேற்சொன்ன அலுவலகத்தில் பெட்டிகள் எல்லாம் நடைபாதைக் கூரையில் ஒரே நேர்கோட்டில், முழுத் திறனில் தொங்கின. கேபிள் இழுக்க வசதியாக இருந்ததாம். பெட்டிகள் ஒன்றையொன்று தெளிவாகக் கேட்டன. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மனிதர்களின் கருவிகளைத்தான் சரியாகக் கேட்கவில்லை. நடைபாதையின் ஒரு முனையில் இணைந்த லேப்டாப், மறுமுனைக்குப் போன பிறகும் மைனஸ் 78 டிபிஎம்மில் (சிக்னல் அளவு; மைனஸுக்குப் பின் வரும் எண் கூடக்கூட சிக்னல் மெலியும்) பழைய பெட்டியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததைத் திரையில் காட்டிய பிறகுதான் அறையில் அமைதி வந்தது. பெட்டி மாறுவதை முடிவு செய்வது கருவிதான், பெட்டி அன்று; அது மாறத் தயங்கும்படி நாம் சூழலை அமைத்துவிட்டு அதைக் குறை சொல்லிப் பயனில்லை. குரலுக்கான திட்டத்தில் எந்த இடத்தில் நின்றாலும் மைனஸ் 67 டிபிஎம் அளவிலாவது ஒரு பெட்டி கேட்க வேண்டும், அடுத்ததும் ஏறத்தாழ அதே அளவில் காத்திருக்க வேண்டும். மாறும்போது, யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் ரேடியஸ் சர்வரிடம் முழுச் சரிபார்ப்புக்கு மீண்டும் போகாமல் இருக்க 802.11ஆர் வசதியை இயக்குங்கள். சர்வர் வேறு ஊரில் இருந்தால் இது கட்டாயம்.

குரலுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டோம் என்று சொல்பவர்களிடம் நான் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டச் சொல்வேன். பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் எண் டிஎஸ்சிபி குறி; குரலுக்கு உரியது 46. பல கருவிகள் இந்த எண்ணின் முதல் மூன்று பிட்டுகளை மட்டும் எடுத்து வைஃபை வரிசையைத் தீர்மானிக்கும்; அப்போது கிடைப்பது 5, அது வீடியோவின் வரிசை. கம்பியில் ராஜமரியாதையோடு வந்த குரல், காற்றில் வீடியோவோடு சேர்ந்து நிற்கிறது. இதைச் சரிசெய்யும் வழியை 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விளக்குகிறது. எல்லாப் பெட்டிகளையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் ஒரே பக்கத்தில் முடியும் அமைப்புதான். கணினியில் ஓடும் மீட்டிங் மென்பொருள் தானாகக் குறியிடும் என்றும் நம்பிவிடாதீர்கள், நிர்வாகி அதற்கான அமைப்பை இயக்கியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

சொந்தக் கருவிகள் விஷயத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் இன்னும் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) எக்செல் கோப்பில் எழுதி வைத்து அனுமதிக்கின்றன. ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் வந்ததிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் தற்காலிக முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. அந்த எக்செல் கோப்புக்கு அன்றே ஆயுள் முடிந்துவிட்டது. மதியத்துக்கு மேல் போன் இணைய மறுப்பதன் காரணமும் பெரும்பாலும் அற்பமானது. விருந்தினர் நெட்வொர்க்கில் இணையும் கருவிகளுக்குத் தற்காலிகமாகக் கொடுக்க 254 ஐபி முகவரிகள், ஒவ்வொன்றும் எட்டு நாள் குத்தகை; காலை ஷிஃப்டில் வந்தவர்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் மதியம் வருபவருக்கு என்ன மிஞ்சும்? ஆளை எண்ணாதீர்கள், கருவியை எண்ணுங்கள். ஒருவருக்கு லேப்டாப், போன், சிலருக்குக் கைக்கடிகாரமும் உண்டு. குத்தகையைச் சில மணி நேரமாகக் குறையுங்கள்.

எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்ற ஏற்பாட்டை தயவுசெய்து விட்டுவிடுங்கள். வேலையை விட்டுப் போனவரோடு அதுவும் வெளியே போகிறது. ஒவ்வொரு கருவிக்கும் டிஜிட்டல் சான்றிதழ் கொடுத்து 802.1எக்ஸ் என்ற சரிபார்ப்பு முறை வழியாக அனுமதியுங்கள். சொந்த போன்களைத் தனி விலானில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) வைத்து இன்டர்நெட்டுக்கு மட்டும் விடுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எந்த முகவரி எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்றே சொல்ல முடியாத நிறுவனம் ஆறு மணி நேரத்தில் என்ன எழுதும்? அதே வேளையில் ஊழியர்கள் பக்கமிருந்தும் ஒரு வேண்டுகோள். அவர்களுடைய போன் அவர்களுடையது. மேலாண்மைச் செயலியை நிறுவச் சொல்லும்போது அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று எழுத்தில் கொடுங்கள். வேலையை விட்டுப் போகும் நாளில் பணிப் பகுதியை மட்டும் அழியுங்கள், குழந்தையின் புகைப்படங்களை அன்று.

சொந்த போனும் குரலும் சந்திக்கும் ஓர் இடத்தைத் திட்ட ஆவணங்களில் நான் பார்த்ததே இல்லை. கண்ணாடி போர்த்திய கட்டடங்களின் நடுப்பகுதியில் மொபைல் சிக்னல் எட்டாது. போன்கள் வைஃபை வழியே அழைக்கும். அந்த அழைப்பு யுடிபி 500, 4500 ஆகிய போர்ட்டுகள் (நெட்வொர்க்கின் எண்ணிட்ட வாசல்கள்) வழியே மொபைல் நிறுவனத்துக்குச் சுரங்கம் அமைத்துப் போகிறது. ஃபயர்வாலில் இவை இரண்டையும் மூடிவிட்டு, லிஃப்ட் அருகே போய் நின்று பேசும் ஊழியர்களைக் கண்டிக்கும் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். திறந்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: நெட்வொர்க் கேபிள் வழியே பெட்டிக்கு மின்சாரம் தரும் தரங்களில் 802.3ஏஎஃப் ஸ்விட்சின் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 802.3ஏடி 30 வாட். 48 போர்ட் ஸ்விட்சில் மின்வழங்கலுக்கு மொத்தமே 370 வாட் என்றால் எத்தனை பெட்டிக்கு வரும் என்று வாங்கும் முன் வகுத்துப் பாருங்கள். மின்சாரம் போதாத புதிய பெட்டி சத்தமில்லாமல் தன் ரேடியோக்களில் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளும். பழைய அனலாக் போனுக்கு, கீழ்த் தளத்தில் இருந்த எக்ஸ்சேஞ்ச் மின்சாரம் கொடுத்தது. ஐபி போனுக்கு அந்தந்தத் தளத்து ஸ்விட்ச்தான் கொடுக்கிறது. ஸ்விட்ச் அறை ஒவ்வொன்றிலும் யுபிஎஸ் வையுங்கள், காவலர் மேசைக்கு ஓர் அனலாக் இணைப்பை விட்டுவையுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு கேட் 6ஏ கேபிள் இழுங்கள், ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்.

ஒப்பந்ததாரரின் கடைசித் தவணைக்கு ஒரு நிபந்தனை சேருங்கள். அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு போனையும் ஒரு லேப்டாப்பையும் ஏந்திக்கொண்டு தளம் முழுவதும், படிக்கட்டும் கேன்டீனும் உட்பட, நடந்து காட்ட வேண்டும். இழந்த பாக்கெட், பெட்டி மாறிய நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலியான கட்டடத்தில் நடத்திய சோதனையை ஏற்காதீர்கள். எல்லா இருக்கையும் நிரம்பியிருக்கும் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு நடக்கச் சொல்லுங்கள்.