ராகிதான் சாப்பிடுகிறேன், எடை ஏன் குறையவில்லை?

"சோத்தையே தொடறதில்லைங்க மேடம். மூணு வேளையும் ராகிதான். எடை மட்டும் அப்படியே நிக்குது."

கிருஷ்ணகிரியில் உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு இது அடிக்கடி கேட்கிற பேச்சு. சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ராகியை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தால் விஷயம் தெரிந்துவிடும்: காலையில் வெல்லம் கரைத்த ராகி மால்ட், மதியம் இரண்டு பெரிய உருண்டை களி, இரவு சர்க்கரை தூவிய ராகிப் புட்டு.

நம் பக்கம் ராகி புதிதில்லை. 2023-ல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். நார்ச்சத்தும் கால்சியமும் அரிசியைவிட ராகியில் நிறைய உண்டு. ஆனால் கலோரியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 100 கிராம் அரிசியில் 350 என்றால் ராகியில் 320. அளவு குறையாமல் எடை குறையாது.

அப்புறம், ஒரு உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதற்குக் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 55-க்குள் இருந்தால் குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். மெதுவாக ஏற்றும் உணவு பலருக்குப் பசியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அதனால்தான் எடை குறைக்க உதவுகிறது. ஆனால் இந்த எண் தானியத்தின் பெயரை மட்டும் பொறுத்ததில்லை. நைசாக அரைத்து, சலித்து, கஞ்சியாகக் காய்ச்சினால் ராகியும் வேகமாகத்தான் ஏற்றும். முளைகட்டிய மாவில் மாவுச்சத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே சர்க்கரையாக உடைந்திருக்கும். அதில் வெல்லமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெல்லம், கருப்பட்டி எல்லாமே எடை விஷயத்தில் சர்க்கரையின் சொந்தக்காரர்கள்தான்.

அதனால் களியை விடச் சொல்ல மாட்டேன், தட்டை மாற்றச் சொல்வேன். மில்லில் கொஞ்சம் கொரகொரப்பாகவே அரைத்து வாங்குங்கள், சலிக்காதீர்கள். களி கிண்டும்போது நொய்யரிசியைக் குறைத்துப் போடுங்கள். உருண்டை உங்கள் மூடிய கை அளவுக்கு ஒன்று போதும். அதைச் சுற்றிக் கீரைக் கடைசலோ கொள்ளு கடைசலோ தாராளமாக இருக்கட்டும். அவரைக்கொட்டைக் குழம்பும் முட்டையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. புரதமும் நாரும் கூட வரும்போது செரிமானம் நிதானமாகும். முன்பு இரண்டு உருண்டை தின்றவர்கள் அதற்கேற்றபடி ஏர் ஓட்டினார்கள், களை எடுத்தார்கள். நாம் ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்து போய் கம்பெனியிலும் உட்கார்ந்தேதான் வேலை பார்க்கிறோம்.

அந்தக் கம்பெனி டீயைத்தான் நான் முதலில் பிடிப்பேன். ஷிப்டில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம் ஆகிறது, அதாவது 160 கலோரி. சேர்க்கும் சர்க்கரையை நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் நிறுத்தினால் பலரால் முடிவதில்லை. ஒவ்வொரு வாரமும் டீக்கு அரை ஸ்பூன் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும்.

மாம்பழம்? சீசனில் நம் ஊரில் இருந்துகொண்டு அதை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? சின்னப் பழமாக ஒன்று, ஜூஸ் ஆக்காமல், சாப்பாட்டுக்குப் பின் இல்லாமல் தனியாகச் சாப்பிடுங்கள். பாட்டில் மாம்பழ பானம் வேண்டாம். அதில் பழத்தைவிடத் தண்ணீரும் சர்க்கரையும்தான் அதிகம்.

நிலக்கடலைக்குக் கிளைசெமிக் இண்டெக்ஸ் ரொம்பக் குறைவு என்று படிக்கணக்கில் கொறிப்பவர்களும் உண்டு. 100 கிராம் கடலையில் 550 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டை திடீரென்று குறைக்காதீர்கள். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குத் தகுந்தபடி இருக்கும், சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு உட்காருங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை குடித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், தனியாக வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.