கொழுந்து மலையில் குளவி கொட்டினால் காம்பராவில் இருப்பவரை யார் பார்ப்பது?

பாரிசவாதத்தில் விழுந்த கணவர், நினைவு தடுமாறிய மாமியார், வலிப்பு நோயுள்ள தம்பி என வளர்ந்தவர்களை வீட்டில் வைத்துச் சம்பளமின்றிப் பராமரிப்பவர்களில் மிகப் பலர் பெண்கள். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுள் பலர் காலையில் மலைக்குப் போய், பகல் சாப்பாட்டு நேரத்தில் லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு) ஓடிவந்து ஊட்டிவிட்டு, மீண்டும் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். அவசரத்துக்கு என்ன ஏற்பாடு என்று தாதியாகிய நான் கிளினிக்கில் கேட்கும்போது, நோயாளிக்கு ஏதாவது நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைப்போம் என்று தயங்காமல் சொல்கிறார்கள். "உங்களுக்கே ஏதாவது ஆனால்?" என்று கேட்டால், "எனக்கு என்னாங்க மிஸ் வரப்போகுது" என்ற சிரிப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது.

என்ன வரக்கூடும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். குளவிக் கூடு கலைந்தால் கொட்டு வாங்கியவர்களை வாகனத்தில் ஏற்றி நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். தணிந்த ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால் அன்றிரவு வார்டிலேயே வைத்திருப்பதும் உண்டு. அதே வேளையில், காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு காம்பராவில் (லயத்து அறையில்) காத்திருப்பவருக்குப் பகல் உணவு வராவிட்டால், இரத்தத்தில் சீனி இறங்கி, வியர்வை, நடுக்கம், பிதற்றல் என மயக்கம்வரை போகலாம். பக்கத்துக் காம்பராக்காரர் எட்டிப் பார்த்தாலும் தூங்குகிறார் என்றெண்ணிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடக்கூடும். வேளை தவறிய வலிப்பு மாத்திரையும், புரட்டிவிட ஆளில்லாமல் புண்ணாகும் முதுகும் அதற்கடுத்த கவலைகள்.

ஆகவே நான் முதலில் கேட்பது ஒரு தாள். நோயின் பெயரும் மருந்தின் அளவும் கிளினிக் கொப்பியில் இருக்கின்றன. தாளில் வரவேண்டியது அந்தக் கொப்பியில் இல்லாதது. "வலப் பக்கம் செயலில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, சோற்றை நன்றாகக் குழைத்து, இடக் கன்னப் பக்கமாகச் சிறு கரண்டியால் கொடுக்கவும். தேநீரை அவசரப்படுத்தினால் புரையேறும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவிடக்கூடாது. சுவரைத் தட்டினால் சிறுநீர் வருகிறது என்று அர்த்தம்." இத்தகைய நான்கைந்து வரிகள் அதுவரை ஒரே ஒரு பெண்ணின் தலைக்குள் மட்டுமே இருந்தவை. மருந்து எங்கே இருக்கிறது என்பதையும் எழுதவேண்டும். திறந்த இன்சுலின் குப்பியை, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில், குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சுமார் நான்கு வாரம் வைத்திருக்கலாம் என்பதால், அதை எடுத்துப்போகத் தயங்கவேண்டியதில்லை.

தாளைப் படித்துச் செய்யும் இரண்டாவது ஆள் யார் என்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. கொழும்பில் கடையில் நிற்கும் மகனும் மத்திய கிழக்கில் இருக்கும் மகளும் தொலைபேசிக்கும் பணத்துக்கும் உதவுவார்கள், துணி மாற்ற உதவமாட்டார்கள். அதே மலையில் கொழுந்து பறிக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் அதே குளவிதான் கொட்டும். எனவே பகலில் லயத்தில் இருப்பவராக, பெண் நோயாளியென்றால் பெண்ணாக ஒருவரைத் தெரிவுசெய்து, பராமரிப்பவர் பக்கத்தில் நிற்கும்போதே அவர் ஒரு வேளையாவது ஊட்டிப் பழகவேண்டும். இந்த ஒத்திகையைத் தவிர்ப்பவர்களே அதிகம். பிறரைத் தொந்தரவு செய்வதாக நினைக்கிறார்கள்.

பிரித்தானியாவில் பல உள்ளூராட்சி சபைகள் பராமரிப்பாளர்களுக்கென அவசர அட்டை வழங்குகின்றன. நாம் அதற்காகக் காத்திராமல், "வீட்டில் நடக்கமுடியாத ஒருவர் என்னை நம்பித் தனியே இருக்கிறார், இந்த எண்ணை அழைக்கவும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளலாம். மலைக்கு யாரும் அடையாள அட்டை கொண்டுபோவதில்லை என்பதால், கங்காணிக்கும் தோட்ட டிஸ்பென்சரிக்கும் அதே செய்தியை முன்கூட்டியே சொல்லிவைப்பது இன்னும் பயனுள்ளது.

மண்சரிவுக் காலத்துக்கு இது போதாது. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையிலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்களிலும் மண் இறங்கியதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வருகிறது, சிவப்பு வெளியேறுவதற்கானது. தானாக நடக்கமுடியாதவரை வழுக்கும் படிக்கட்டில் இருட்டில் நாற்காலியோடு தூக்கிச் செல்வது நான்கு பேர் வேலை என்பதால், அத்தகைய வீடுகள் மஞ்சளிலேயே, பகல் வெளிச்சத்தில் புறப்படவேண்டும் என்பதே என் கருத்து. யார் அந்த நான்கு பேர் என்பதை மழைக்கு முன்பே பேசி, தூக்கிச் செல்லப்படவேண்டியவரின் பெயரைக் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துவைத்து, 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கத்தையும் அந்தத் தாளின் அடியில் எழுதிவிடுங்கள்.