‘மெத்’ போதையை விட்ட பிறகும் ஏன் படுத்தே கிடக்கிறான்?

"விட்டு ரெண்டு மாசமாச்சு டாக்டர். எப்பப் பார்த்தாலும் படுக்கைதான். பிரியாணி வாங்கி வச்சாலும் ரெண்டு வாய்க்கு மேல இறங்கல" என்றார் அப்பா. மகன் தலையைத் தூக்கவே இல்லை. அவன் பழகியிருந்தது மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள். இங்கே பையன்கள் ‘மெத்’ என்பார்கள், இலங்கையில் ‘ஐஸ்’. (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்றே நினைக்கிறார்கள். நல்ல சாப்பாடு கிடைத்தால் மூளையின் நரம்பணு, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற ரசாயனத்தைக் கொஞ்சம் சுரக்கும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு பம்ப் உண்டு. மெத் அந்தப் பம்பையே தலைகீழாக ஓடவைக்கிறது. உள்ளே போகவேண்டியது மணிக்கணக்கில் வெளியே கொட்டுகிறது. தினமும் இப்படியென்றால் டோபமினை வாங்கும் நரம்பணு, அதைப் பிடிக்கும் ‘டி-2’ ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. ஆடி மாதம் கோயில் குழாய் ஸ்பீக்கர் அலறும்போது ஜன்னலைச் சாத்துகிறோமே, அது மாதிரி. ஆனால் திருவிழா முடிந்தும் ஜன்னல் சாத்தியேதான் கிடக்கிறது. அப்புறம் பிரியாணி எப்படி ருசிக்கும்?

விசித்திரம் என்னவென்றால், இன்பம் மழுங்கும் அதே மூளையில் சந்தேகம் மட்டும் கூர்மையாகிறது. இதே பையன் ஒரு ராத்திரி, யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று செல்போனைக் கழற்றி, ஊசியால் குத்திக் குத்தித் தேடியிருக்கிறான். ஒருமுறை இப்படி வந்தவருக்கு அடுத்த முறை சிறிய அளவே போதும். சிலருக்கு மன உளைச்சல் மட்டுமேகூட. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெத் பரவிய ஜப்பானில் மருத்துவர்கள் இதை நிறையப் பார்த்தார்கள். சந்தேகமோ காதில் குரலோ தொடங்கினால் நாள் கடத்தாமல் கூட்டி வாருங்கள்.

2001இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, மெத்தாம்பெட்டமினை நிறுத்தி ஓராண்டு தாண்டியவர்களை மறுபடி ஸ்கேன் செய்தது. பம்புகள் ஓரளவு மீண்டிருந்தன; நினைவாற்றல் அந்த அளவு தேறவில்லை. ஐந்தே பேர்தான், அதை வைத்து யாருக்கும் உறுதி தரமாட்டேன். ஆனால் மீள மாதக்கணக்கில் ஆகும் என்பதை நானும் பார்க்கிறேன்.

மெத்துக்கென்றே அங்கீகாரம் பெற்ற மாத்திரை இன்னும் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்தால் சின்னப் பரிசு கொடுக்கும் முறை இருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ஆய்வுகளில் நன்றாக நிற்பது அதுதான்.

அப்பாவை மாலையில் அவனோடு டீக்கடை வரை நடக்கச் சொன்னேன்.

"பேசவே மாட்டேங்கிறானே சார்?"

"பேச வேண்டாம். கூட நடந்தா போதும்."