சுட்டது எரிமலை இல்ல, வான் ஹீட்டர்

உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு அம்மா எங்கட டிஸ்பென்சரிக்கு வாறவ, கன வருசமாப் பழக்கம், சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு, கிளினிக் கொப்பிய ஒரு நாளும் மறந்து வராத ஆள். (ஆள் யாரெண்டு தெரியாம இருக்க சில விசயங்கள மாத்தித்தான் எழுதுறன், தேடாதீங்க.) மகன் நோர்வேயில. போன ஐப்பசியில அம்மாவ அங்க கூப்பிட்டு, அப்படியே நாலு நாள் ஐஸ்லாந்துக்கும் கூட்டிற்றுப் போயிருக்கார். திரும்பி வந்தவ என்னட்ட முதல்ல காட்டினது போன்ல இருந்த படங்களத்தான். எரிமலை வாய்க்குள்ள நீலமாத் தண்ணி நிக்கிற படம், நிலத்துக்குள்ளயிருந்து சுடுதண்ணி பனை உயரத்துக்குப் பீச்சியடிக்கிற வீடியோ, பெரிய நீர்வீழ்ச்சிக்கு முன்னால மழைக்கோட்டோட சிரிச்சிற்று நிக்கிற படம். எல்லாம் பாத்து முடிஞ்சாப்பிறகு, எழும்பப் போற நேரத்திலதான், "பிள்ளை, கால்லயும் ஒரு சின்னக் கொப்புளம், ஒருக்காப் பாக்கிறீங்களா" எண்டா.

சொக்ஸக் கழட்டினா வலது பெருவிரலுக்குக் கீழ ஒரு ஐஞ்சு ரூபாக் குத்தியளவுக்குப் புண். சுத்திவரக் கறுத்து, நடுவுல ஊனம் வடியுது. மணமும் வந்துட்டு. ஆனா நோ கொஞ்சம்கூட இல்லயாம். அதுதான் எனக்குப் பயத்தத் தந்தது.

எப்படி வந்ததெண்டு கேட்டுக்கேட்டுப் பாத்தம். சுடுதண்ணிக்குள்ள கால வச்சீங்களா? இல்ல. எரிமலையில கல்லுல ஏறினீங்களா? இல்ல, மகன் விடேல்ல. கடைசியா மருமகளுக்கு வட்ஸ்அப்புல கோல் எடுத்துத்தான் கதை முழுசா வந்தது. அந்த டூர் பதினாறு பேர் போற சின்ன வான். நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில போய் நிண்டதில சாரல் அடிச்சு அம்மாட சப்பாத்து, சொக்ஸ் எல்லாம் ஈரம். வானுக்குள்ள ஏறி, சப்பாத்தக் கழட்டிற்று, சீட்டுக்குக் கீழ சூட்டுக்காத்து வாற இடத்தில கால வச்சுக் காயப்போட்டிருக்கா, ஒண்டரை மணித்தியாலம் அப்படியே நித்திரையும் கொண்டிருக்கா. பக்கத்து சீட்டுல இருந்த வெள்ளைக்காரப் பிள்ளையும் அதே மாதிரி வச்சதாம், ஆனா அது ரெண்டு நிமிசத்தில சுடுதெண்டு கால எடுத்துட்டுது. அம்மாக்குச் சுடேல்ல. சுட்டது, அவக்கு விளங்கேல்ல.

ராத்திரி ஹொட்டல்ல சொக்ஸ் தோலோட ஒட்டிற்று வந்திருக்கு. மகன் இவ்வளவு காசு செலவழிச்சுக் கூட்டிற்று வந்தவன், மனவருத்தப்படுவான் எண்டு சொல்லாம மறைச்சு, ஒரு பிளாஸ்டர ஒட்டிற்று மிச்ச மூண்டு நாளும் நடந்திருக்கா.

இத ஏன் எழுதுறன் எண்டா, இப்ப நம்மட சனம் கனக்க டூர் போகுது, அதுவும் வயசான ஆக்கள். வெளிநாட்டுல பிள்ளைகள் கூப்பிட்டு எடுக்கிறாங்க, இல்லாட்டி இஞ்சயே வான் பிடிச்சு விடியக்காலம மூண்டு மணிக்கு வெளிக்கிட்டு மஹஓயா சுடுதண்ணிக் கிணறு, அங்கயிருந்து பதுளை துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, ராத்திரி பன்னிரண்டுக்குத் திரும்ப வீடு எண்டு ஒரே நாள்ல போறாங்க. போக வேணாமெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்றதில்ல, போய்ப் பாக்கத்தான் வேணும். ஆனா போறதுக்கு முதல் என்னட்ட வந்து கேக்கிறது முழுக்க வயித்தோட்டத்துக்குக் குளிசை, சத்திக்குக் குளிசை. காலப் பத்தி ஒருத்தரும் கேக்கிறதில்ல.

சீனி வருத்தம் கன வருசம் இருந்தா காலில இருக்கிற நரம்புகள் நுனியிலயிருந்து செத்துக்கொண்டு வரும். விரல் நுனி, பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழ வரைக்கும். சில ஆக்களுக்கு எரிவு, ஊசி குத்துற மாதிரி, விறைப்பு எண்டு வரும், அவங்க வந்து சொல்லுவாங்க. ஆனா நிறையப் பேருக்கு ஒண்டும் தெரியாமலே உணர்ச்சி போயிரும், அவங்கதான் "எனக்குக் காலில ஒரு பிரச்சினையுமில்ல டொக்டர்" எண்டு சொல்ற ஆக்கள்.

வீட்டிலயே பாக்கலாம், ஒரு சாமானும் தேவையில்ல. அவங்களக் கண்ண மூடச் சொல்லுங்க. உங்கட சுட்டுவிரலால அவங்கட பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் மூண்டிட நுனியையும் ஒவ்வொண்டா, ரெண்டு காலிலயும், ஒண்டு ரெண்டு செக்கன் மெல்லமாத் தொடுங்க. அழுத்த வேணாம், தட்ட வேணாம், தடவ வேணாம். தொட்டது விளங்கினா வலது இடது எண்டு சொல்லட்டும். ரெண்டு காலிலயும் சேத்து ஆறு இடத்தில ரெண்டோ அதுக்கு மேலயோ விளங்காட்டி காலில உணர்ச்சி குறைஞ்சிட்டு எண்டு எடுக்கலாம். இங்கிலாந்தில இப்ஸ்விச் எண்ட ஊர் ஆஸ்பத்திரியில உண்டாக்கின முறை, அதால இப்ஸ்விச் டச் டெஸ்ட் எண்டு பேர். அந்த அம்மாக்கு ஆறில ஒண்டுதான் விளங்கினது. அவட மகன் டூருக்கு டிக்கெட் போடுறதுக்கு முதல் ஒரு நிமிசம் இதச் செஞ்சு பாத்திருந்தா... சரி, அவருக்கு எங்க தெரியும், நானே அந்த வருசம் பாக்க விட்டுட்டன், கொப்பியப் புரட்டினா காலப் பாத்ததா நான் எழுதினது கடைசியா ரெண்டு வருசத்துக்கு முதல். என்ட பிழையும் இதில இருக்கு.

இனித் தண்ணிட சூட்டுக்கு வருவம். ஐஸ்லாந்தில அவ பாத்த அந்தப் பீச்சியடிக்கிற ஊத்து ஸ்ட்ரோக்கூர், அஞ்சு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அடிக்கும். அந்த இடத்துத் தண்ணி 80 இலயிருந்து 100 பாகை செல்சியஸ், பக்கத்தில ஓடுற சின்ன வாய்க்கால்கூட விரல வைக்கக் கூடாதெண்டு போர்ட் போட்டிருப்பாங்க. குளிக்க விடுற குளங்கள் வேற, அது 38, 40 பாகையைச் சுத்தித்தான் இருக்கும். எங்கட திருகோணமலைக் கன்னியாச் சுடுதண்ணிக் கிணறும் கிட்டத்தட்ட அந்தளவுதான், ஏழு கிணத்திலயும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். மஹஓயா அப்படியில்ல, அங்க சில கிணறு 50 பாகையைத் தாண்டும். முட்டை கொண்டு போய்ப் போட்டுப் பாக்கிற சனமும் இருக்கு, பாதி அவிஞ்சதும் அவியாததுமாத்தான் வரும்.

எங்கட கையால தொட்டுப் பாத்து எத்தினை பாகை எண்டு சரியாச் சொல்லேலாது, எல்லாம் "நல்ல சூடு"தான். தோலுக்கு அப்படியில்ல. 49 பாகையில தோல் வேக அஞ்சு நிமிசத்துக்கு மேல செல்லும், 55இல அரை நிமிசம் போதும், 60இல அஞ்சு செக்கன். வயசானவங்கட தோல் மெல்லிசு, இன்னும் கெதியா வேகும். மற்ற ஆக்களுக்கு நோ வந்து ஒரு செக்கன்ல கால எடுத்திருவாங்க, அதால தப்பிருவாங்க. உணர்ச்சி இல்லாத கால் அப்படியே கிடக்கும். மஹஓயாவில ஒரு ஐயாக்கு அதான் நடந்தது, கூட வந்த பெடியள் கால வச்சு வச்சு எடுத்து "ஆ, சுடுது" எண்டு கத்தி விளையாட, இவர் "உங்களுக்கெல்லாம் என்ன தோல், எனக்கு ஒண்டும் செய்யேல்ல பாருங்க" எண்டு வீரம் காட்டி வச்சுக்கொண்டு இருந்திருக்கார். ரெண்டு கணுக்காலும் வெந்து போச்சு.

அதால சூட்ட அவங்கட காலால பாக்க விடாதீங்க. கூடப் போற, சீனி வருத்தம் இல்லாத ஆள் முழங்கையால பாக்கட்டும், இல்லாட்டிக் குழந்தைப்பிள்ளை குளிப்பாட்டுற தெர்மோமீட்டர் ஒண்ட பேக்குல போடுங்க. 37க்கு மேல எண்டா உணர்ச்சி இல்லாத கால் அதுக்குள்ள போகத் தேவையில்ல. கன்னியாவில வாளியால அள்ளி மேலுக்கு ஊத்துறதில பெரிய ஆபத்தில்ல, கால ஊறவச்சுக்கொண்டு இருக்கிறதுதான் வேணாம்.

கன்னியாவில நான் பயப்படுறது வேற ஒண்டுக்கு. அந்தியேட்டிக்கு, அதான் செத்தவருக்கு 31ஆம் நாள் செய்யிற கிரியைக்குப் போற நாள். வீட்டுல 31 முடிக்கிறதுக்காக விடியவே வெளிக்கிட்டு, கிரியை முடியும் மட்டும் சாப்பிடாம, ஆனா காலமச் சீனிக் குளிசையையும் பிரஷர்க் குளிசையையும் மறக்காமப் போட்டுற்று, பத்துப் பதினொரு மணி வெயில்ல நிண்டு சுடுதண்ணிய மளமளவெண்டு தலையில ஊத்துறாங்க. சூட்டுக்கு ரத்தக்குழாய் விரியும், பிரஷர் இறங்கும், வயித்தில ஒண்டுமில்ல, சீனியும் இறங்கும். விழுந்த ஆளப் பாத்துச் சுத்தி நிக்கிறவங்க செத்தவர நினைச்சு மயங்கிட்டார் எண்டு நினைப்பாங்க. கிளிக்லசைட் மாதிரிக் குளிசை போடுறவங்களும் இன்சுலின் போடுறவங்களும் சாப்பாட்டோடதான் அதப் போடவேணும், சாப்பிடாத நாள்ல எப்படிப் போடுறதெண்டு முதல் நாளே உங்கட டொக்டரக் கேளுங்க. இன்சுலின் ஊசி போட்ட கையோட சுடுதண்ணிக்குள்ள இறங்கினா மருந்து கெதியா ரத்தத்தில ஏறும், அதுவும் இறக்கும். பொக்கட்டில நாலு குளுக்கோஸ் டொபி இருக்கட்டும். ஆள் மயங்கிட்டா வாய்க்குள்ள ஒண்டும் ஊத்தாம, சரிச்சுப் படுக்கவச்சு 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

இடையில ஒண்டு சொல்லிற்றுப் போறன், அந்த அம்மா என்னட்டக் கேட்ட கேள்விதான்: "அப்ப கன்னியாக்குக் கீழயும் எரிமலை இருக்கா பிள்ளை?" இல்ல. இலங்கையில எரிமலை இல்ல. எங்கட பாறை கோடிக்கணக்கான வருசப் பழசு, அதிலயுள்ள ஆழமான வெடிப்பால மழைத்தண்ணி கீழ இறங்கி, பூமிக்குள்ள இருக்கிற சாதாரணச் சூட்டில சூடாகித் திரும்பி மேல வருது. ஐஸ்லாந்தில பூமிட ரெண்டு தட்டு வருசத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் அளவு விலகிக்கொண்டு போகுது, அந்த இடைவெளியால உருகின பாறை மேல வாறதாலதான் அங்க எரிமலை. அங்கத்த சுடுதண்ணியில கந்தக வாயு இருக்கும், அவட வெள்ளி மெட்டி கறுத்துப் போச்செண்டு ரெண்டு நாள் கவலைப்பட்டிருக்கா, ஏதும் அபசகுனமோ எண்டு. வெள்ளி கந்தகத்தில கறுக்கும், தேய்ச்சு மினுக்கினாப் போயிரும். ஆனா முட்டு வருத்தம் உள்ளவங்க கவனம், எரிமலை புகைக்கிற நேரம் வாற வாயு மூச்ச அடைச்சுப்போடும், பம்ப் கையில இருக்கவேணும், சூட்கேசுக்குள்ள இல்ல.

இன்னொண்டு, எங்கட அம்மாமாருக்கு மட்டும். டூர் எண்டா தண்ணி குடிக்கிறதில்ல. வழியில டொய்லட் இருக்குமோ, வான நிப்பாட்டச் சொல்ல வெக்கம், டிரைவர் என்ன நினைப்பார். மூத்திரம் போற குளிசையையும் அண்டைக்கு நிப்பாட்டிருவாங்க, இல்லாட்டி அதப் போட்டுற்றுத் தண்ணியக் குடிக்க மாட்டாங்க. ரெண்டும் பிழை. பிள்ளைகள், வெளிக்கிட முதலே டிரைவரிட்ட நீங்க சொல்லி வைங்க, ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டச் சொல்லி. அம்மா கேக்க மாட்டா.

சுட்டா என்ன செய்யிறது? ஓடுற சாதாரணத் தண்ணியில இருவது நிமிசம். ஐஸ் வேணாம். டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய், முட்டை வெள்ளை, ஒண்டும் வேணாம். மோதிரம், மெட்டி, கால்சங்கிலி எல்லாத்தையும் வீங்க முதல் கழட்டுங்க. கொப்புளத்த உடைக்காம சுத்தமான துணியால மூடிற்று, சீனி வருத்தம் உள்ள ஆள் எண்டா எவ்வளவு சின்னதா இருந்தாலும் அண்டைக்கே காட்டுங்க. நோகேல்ல எண்டு சொன்னா இன்னும் கெதியாக் காட்டுங்க.

இதெல்லாம் வாசிச்சிற்று, நாங்க ஒரு டூரும் போறதில்லயே எண்டு நினைக்கிறவங்களுக்கு: என்னட்ட வாற கால் சூட்டுப் புண்ணில கனக்க வாறது கோணேசர் கோயில்ல மத்தியான வெயில்ல வெறுங்காலோட சுத்தி வந்தது. கல் எவ்வளவு சுடும் எண்டு உங்களுக்கே தெரியும். சொக்ஸ் போட்டுற்றுக் கும்பிடலாம், இல்லாட்டி விடியவோ பின்னேரமோ போகலாம், சாமி அங்கதான் இருப்பார்.

அம்மாட புண் ஆற மூண்டு மாசம் எடுத்தது, விரல் தப்பிற்று. போன கிழமை மகன் கோல் எடுத்தார். அடுத்த வருசம் அம்மாவ இத்தாலிக்குக் கூட்டிற்றுப் போகப் போறாராம், எத்னா எரிமலை பாக்க, இந்த முறையும் வான்தான், போகலாமா எண்டு கேட்டார். தாராளமாப் போகலாம், மாத்திக்கொள்ள ரெண்டு சோடி சொக்ஸ் கைப்பையில வச்சிற்று, ஹீட்டர் எந்த சீட்டுக்குக் கீழ இருக்கெண்டு கேட்டுற்று புக் பண்ணுங்க எண்டன். பின்னாலயிருந்து அம்மா சத்தம் கேட்டது: "நான் டிரைவருக்குப் பக்கத்தில இருக்கிறன் எண்டு சொல்லு."